இன்சூரன்ஸ் பணம் யார் வீட்டுப் பணம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு வகுப்பில் 45 நிமிடம் என் முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது பெரிய தண்டனையாக இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்யாக இன்சூரன்ஸ் கிளைம் போடுவது திருட்டு. அது தெரிந்தவர் உரிய இடத்தில் சொல்வதைக் காட்டிக்கொடுப்பு என்று பேசுவது தப்பு. ஆனால், சொல்பவருக்கு ஒரு பாதுகாப்பும் தராமல் "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்றால் எவன் சொல்வான்? அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இதற்கென்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இல்லை. அது வேண்டும் என்பதுதான் நான் எழுத வந்தது.

நம்மில் நல்ல மனிதர்கள்கூட இந்த விஷயத்தில் சறுக்குகிறார்கள். பக்கத்து வீட்டுத் தேங்காய் நம் வாசலில் விழுந்தால் எடுத்துப் போய்க் கொடுப்பவர், இன்சூரன்ஸ் என்றதும் "கம்பெனிக்காரன் பணம்தானே சார், அவன் கொள்ளை கொள்ளையா வச்சிருக்கான்" என்கிறார். கம்பெனிக்காரன் வைத்திருப்பது யார் பணம்?

நம் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதிவைப்போம். அந்த நோட்டில் ஒருவன் ஆயிரத்தைப் பத்தாயிரம் என்று திருத்தினால் ஊர் அவனைச் சும்மா விடுமா? இன்சூரன்ஸும் கஷ்டத்துக்கு வைத்த பெரிய மொய் நோட்டுதான். எழுதியவர்களின் முகம் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1000 பேர் ஆளுக்கு 500 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 5 லட்சம். வருடத்துக்கு 5 பேருக்கு ஆளுக்கு 1 லட்சம் இழப்பு வருகிறது. சரியாகப் போயிற்று. (கம்பெனியின் செலவு, லாபம் எல்லாவற்றையும் கணக்குக்காகத் தள்ளிவையுங்கள்.) இப்போது ஆறாவதாக ஒரு பொய்க் கிளைம் 1 லட்சத்துக்கு வருகிறது. அடுத்த வருடம் ஆளுக்கு 600 ரூபாய். அந்த 100 ரூபாயை உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்தது யார்? கம்பெனியா? பைக்குக் கட்டாயமாக எடுக்கிற தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸுக்கு எவ்வளவு பிரீமியம் என்பதை மத்திய அரசுதான் அறிவிக்கிறது. எவ்வளவு கிளைம் போகிறது என்ற கணக்கைப் பார்த்துத்தான் அந்தத் தொகையை நிர்ணயிக்கிறார்கள்.

சரி, கணக்கு போதும். இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். தெரிந்த உறவினர்கள் கமெண்டில் தெரியாததுபோல் இருந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தங்கச்சி முறை ஆகிற ஒருத்தியின் மகன், இருபத்து நான்கு வயது, இரவு வேலை முடித்துப் பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடி, விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனான். அவன் உடம்பு பிரேதப் பரிசோதனையிலிருந்து வெளியே வரவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஆள் அந்தப் பையனின் சித்தப்பாவைப் பிடித்துவிட்டார். "தானா விழுந்தான்னா ஒரு பைசா வராது. தெரிஞ்சவங்க வேன் ஏதாவது இருந்தா அது மோதினதா கேஸ் போட்டுக்கலாம். 25 லட்சம் வரைக்கும் வாங்கித் தரேன். டிரைவருக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது, ஃபைனோட முடிஞ்சிடும்." தனக்கு எத்தனை சதவீதம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் தங்கச்சி எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, கொழுந்தனார் இப்படிச் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வாங்கண்ணே" என்றாள். போனேன்.

அந்த வீட்டில் இருந்த எவரும் திருடர் இல்லை. பெற்ற பிள்ளை போய், வீட்டுக்கடன் நின்று, அடுத்த மகள் கல்லூரியில் இருக்கும்போது ஒருவன் 25 லட்சம் என்றால் காது கேட்கத்தான் செய்யும். அதனால் நான் நீதி போதனை எதுவும் செய்யவில்லை. இரண்டு காகிதம் கேட்டேன். பைக் பாலிசி ஒன்று, பையனின் பேங்க் பாஸ்புக் ஒன்று.

பைக் அவன் பெயரில் இருந்தது. லைசென்ஸ் இருந்தது. பாலிசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு, 15 லட்சம். வண்டியின் சொந்தக்காரர் லைசென்ஸோடு ஓட்டும்போது தானாகவே விழுந்து இறந்தாலும் இது குடும்பத்துக்கு வரும். எவர் மேலும் மோதியிருக்க வேண்டியதில்லை. முன்பு டூவீலருக்கு இது வெறும் 1 லட்சம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு 2018ல் குறைந்தது 15 லட்சம் என்று ஆக்கினார்கள். பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தது. அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம். பதினைந்தும் இரண்டும் பதினேழு. ஒரு பொய்கூட இல்லாமல் 17 லட்சத்துக்கு உரிமை அந்த வீட்டு பீரோவில் கிடந்தது. வாசலில் நின்றவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அதில் சதவீதம் கிடையாதே.

வேன் கதைப்படி போயிருந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரியில் காயத்தோடு ஒருவரைச் சேர்த்த உடனே விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்வோமே, அதுதான். கூட வந்தவர் பதறிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை அதில் இருக்கும்: "நாய் குறுக்கே வந்து விழுந்துட்டான்." கம்பெனியின் வக்கீல் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். 108 வண்டிக்காரர்களின் பதிவும் இருக்கும். நாலு நாள் கழித்துப் போட்ட எஃப்ஐஆரில் மட்டும் திடீரென்று ஒரு வேன் முளைத்தால் எந்த நீதிபதி நம்புவார்? நம்பினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேன் டிரைவர் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில் அதற்கு 5 வருடம் வரை தண்டனை உண்டு. கிளைம் போட்டவர்கள் மேல் மோசடிக்கு 318வது பிரிவு, 7 வருடம் வரை. பழைய 420தான் நம்பர் மாறி வந்திருக்கிறது. தீர்ப்பாயத்தில் கூண்டேறிப் பொய்ச் சாட்சி சொன்னால் அது தனி. மகனை இழந்த தாய் அந்தக் கூண்டில் நின்று, மகன் எப்படிச் செத்தான் என்று பொய் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு வந்ததும் தங்கச்சி, "வேணாம்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

விண்ணப்பங்கள் போயிருக்கின்றன. 2 லட்சம் வந்துவிட்டது. 15 லட்சத்துக்கு இன்னும் ஒரு சான்றிதழ், அதற்கு மேல் ஒரு சான்றிதழ் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "உங்க அண்ணன் நேர்மையால சோறு வேகுதா பாரு" என்று அந்தச் சித்தப்பா சொன்னதாகக் காதில் விழுந்தது. சொல்லட்டும். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. உண்மையான கிளைமுக்கு நடையாய் நடக்க வைப்பதுதான் வாசலில் நிற்கிற ஆளுக்கு முதலீடு.

இந்த இடத்தில் உறவுகளுக்கு ஒரு விஷயம். இந்த 15 லட்சம் ஆர்சி புக்கில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அப்பா பெயரில் உள்ள பைக்கை மகன் ஓட்டினால் கிடையாது. நம் வீடுகளில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. அந்த 20 ரூபாய்த் திட்டம் 18 முதல் 70 வயது வரை பேங்க் கணக்கு உள்ள எவருக்கும் உண்டு. இன்றைக்கே பாஸ்புக்கைப் பாருங்கள்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? அதற்கும் பொய் வண்டி தேட வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 என்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தொகை போதாது என்பேன் நான். அதை உயர்த்தச் சொல்லிக் கேட்கலாம். போதாது என்பதற்காக ஒரு அப்பாவி டிரைவரை இழுத்துவிட முடியாது.

"கம்பெனிக்காரன் ஏமாத்துறானே சார், நாம ஏமாத்துனா என்ன?" இது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. கம்பெனிகளை நான் தாங்கிப் பேச வரவில்லை. பிரீமியம் வாங்கும்போது பல்லெல்லாம் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரி பில் போனதும் சர்க்கரை இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் அவர்கள். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

சர்க்கரையை மறைப்பவர்களுக்கும் சொல்கிறேன். பாலிசி எடுக்கும் முன்பே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு இப்போது 36 மாதம்தான். 2024ல் குறைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு மூன்று வருடம் பொறுத்தால் ராஜாவாக கிளைம் கேட்கலாம். மருத்துவ பாலிசியை 60 மாதம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, அதைச் சொல்லவில்லை இதைச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் 45வது பிரிவு இருக்கிறது. மூன்று வருடம் தாண்டினால் எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. சட்டம் நேர்மையானவர் பக்கம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஏஜென்ட் நீட்டுகிற வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அதை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவான். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "இங்க கிளைம் ஃபாரத்துலயே பொய் சொன்னா குற்றம்னு எச்சரிக்கை அச்சடிச்சிருக்கும் சார்" என்றான். அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன். அங்கே இன்சூரன்ஸை மேற்பார்ப்பது மாநிலங்களின் வேலை. 1945ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதை உறுதி செய்தது. நியூயார்க் 1981லேயே காப்பீட்டு மோசடியை விசாரிக்கத் தனிப் பிரிவு அமைத்துவிட்டது. நியூ ஜெர்சியில் 1998 முதல் இதற்கென்றே தனி அரசு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. வண்டியை நிறுத்துகிற முகவரியை மாற்றிச் சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்தால்கூட அங்கே மோசடிதான். (அங்கே இருக்கும் பிள்ளைகள் கவனிக்க. நண்பன் வீட்டு முகவரி வேண்டாம்.)

அமெரிக்காக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 2003ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் காசுக்காக வேண்டுமென்றே காரை மோதவிட்டார்கள். உள்ளே இருந்த 65 வயதுப் பெண்மணி செத்தே போனார். அதற்குப் பிறகுதான் போலீசும் மோசடி விசாரணைப் பிரிவும் சேர்ந்து இறங்கி, நூற்றுக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த ஊரின் பிரீமியம் இறங்கியது. நான் மேலே போட்ட கணக்கு தலைகீழாக வேலை செய்தது.

எனக்குப் பிடித்தது தண்டனைப் பிரிவுகள் இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாதபடி அங்கே மாநிலச் சட்டங்கள் காப்பு கொடுக்கின்றன. பெயர் சொல்லாமலும் சொல்லலாம். சொல்வதற்கு ஒரே ஒரு போன் நம்பர், ஓர் அலுவலகம்.

நம் நிலை என்ன? காப்பீடு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் மோசடி சௌகரியமாகக் குடியிருக்கிறது. 1938ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தில் காப்பீட்டு மோசடி என்று தனிக் குற்றம் கிடையாது. பொதுவான மோசடி, போலி ஆவணம் என்று போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒழுங்குமுறை ஆணையம் 2013ல் கம்பெனிகள் ஒவ்வொன்றும் மோசடித் தடுப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. அது கம்பெனிக்குள் நடக்கும் வேலை, ஊருக்குத் தெரியாது. உத்தரப் பிரதேசத்தில் பொய் விபத்து வழக்குகள் பெருகி, 2015ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போடச் சொன்னது. அந்த விவகாரம் 2021ல் உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது, சிக்கிய வழக்கறிஞர்கள் விஷயத்தில் அந்த மாநில பார் கவுன்சில் அக்கறை காட்டவில்லை என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். நீதிமன்றம் விரட்டினால்தான் குழு, விரட்டாவிட்டால் இல்லை. இது ஒரு ஏற்பாடா?

போலீஸ் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஆகவே தமிழ்நாடு அரசே மாவட்டத்துக்கு ஒரு காப்பீட்டு மோசடிப் பிரிவு அமைக்க முடியும் என்று நினைக்கிறேன். தகவல் சொல்பவரின் பெயரை வெளியிடாமல் காப்பதற்கும், நல்லெண்ணத் தகவலுக்கு வழக்கு வராமல் தடுப்பதற்கும் சட்டம் வேண்டும். என் மாணவர்களில் வக்கீல்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். இதில் மாநிலம் எதைச் செய்யலாம், மத்திய அரசு எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

அதுவரைக்கும் இருக்கிற வழிகளைச் சொல்கிறேன். பொய்க் கிளைம் என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுதுங்கள். அவர்கள் இணையதளத்தில் மோசடி பற்றித் தெரிவிக்க மின்னஞ்சல் இருக்கும். இல்லாவிட்டால் குறைதீர்க்கும் அதிகாரி முகவரி இருக்கும். வண்டி எண், தேதி, இடம், ஆஸ்பத்திரி பெயர் போதும். நீங்கள் கண்ணால் பார்த்ததை ஒரு பத்தியிலும், காதால் கேட்டதை இன்னொரு பத்தியிலும் பிரித்து எழுதுங்கள். விசாரிப்பவருக்கு அதுதான் உதவும். கம்பெனி அசையவில்லை, அல்லது கம்பெனி ஆளே கூட்டு என்றால் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவு. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தாலும் ரசீது கிடைக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை வைத்துக்கொண்டு செய்யாத சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டாலோ, மேலே பணம் கேட்டாலோ 1800 425 3993. ஏஜென்டோ கம்பெனியோ உங்களை ஏமாற்றினால் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255, அல்லது பீமா பரோசா இணையதளம். "உங்க பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு, ஆணையத்திலிருந்து பேசுறோம்" என்று போன் வந்தால் அது நிச்சயமாகத் திருடன். ஆணையம் யாருக்கும் போனஸ் தருவதில்லை, பாலிசி விற்பதில்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930. ஓய்வுபெற்ற என் சக ஆசிரியர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், தயவுசெய்து கவனியுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். "இன்னார் பொய்க் கேஸ் போட்டிருக்கார்" என்று குரூப்பில் எழுதினால் நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். வரப்புத் தகராறைத் தீர்த்துக்கொள்ளவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். அப்படி ஒரு மனுவோடு என்னிடம் ஒருவர் வந்தார். எழுதித் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.

வாசலில் நின்ற அந்த ஆளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் பெயர் போட்டு, ஒப்புகைச் சீட்டோடு. இந்த வயதில் எனக்கு என்ன பயம் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலிங் பெல் அடித்தால் கதவைத் திறக்க என்னை விடுவதில்லை.

தங்கச்சியின் 15 லட்சம் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தியில் வாருங்கள். வாரிசுச் சான்றிதழில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.